கல்லும் காணி உறுதியும்

"இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர் யார்?" என்ற கேள்வி இலங்கையில் ஒருபோதும் வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருந்ததில்லை. கேட்பவர் வரலாற்று மாணவராக இருக்கலாம். பதில் போய்ச் சேரும் இடமோ காணிக் கச்சேரியாகவும் வாக்காளர் இடாப்பாகவும் இருந்து வந்திருக்கிறது. முந்தி வந்தவர் வீட்டுக்காரர்; பிந்தி வந்தவர் விருந்தாளி; விருந்தாளியைப் பார்த்து "எப்போது புறப்படுகிறீர்கள்?" என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் தருக்கம் இதுதான். இந்தத் தருக்கம் சரிதானா? பழமை உரிமையைத் தருமா? இதுவே இங்கு நாம் விசாரிக்க எடுத்துக்கொள்ளும் விடயம். சாட்சிக்குச் சாசனங்களும் நாணயங்களும் ஏராளமாக உண்டு. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யாரும் அழைக்காத ஒரு சாட்சியை அழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அது இணுவில் கிராமத்தின் அடியில் கிடக்கும் சுண்ணக்கல்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், கொக்குவிலைக் கடந்ததும் இணுவில் வந்துவிடும். கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்துக்கும், தவில் நாதஸ்வரக் கலைஞர்களுக்கும், அமெரிக்க மிஷன் அமைத்த மக்லியொட் மருத்துவமனைக்கும் பெயர்பெற்ற ஊர். புகையிலை, வாழை, வெங்காயம் என்று செழித்து நிற்கும் செம்பாட்டுத் தோட்டங்களைப் பார்ப்பவருக்கு, அந்த மண் எவ்வளவு மெல்லிய போர்வை என்பது தெரியாது. கிணறு வெட்டுகிறவருக்குத் தெரியும். சில அடிகள் தோண்டியதும் மண்வெட்டி நின்றுவிடும். அதற்கப்பால் அலவாங்கும் வெடியும்தான். உடைந்து மேலே வருகின்ற வெளிறிய கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதில் சிப்பியின் வளைவும் முருகையின் துளைகளும் தெரிவதுண்டு. கடலிலிருந்து பல கல் தொலைவில், கத்தரிப் பாத்திக்கு அருகில், கடல் கிடக்கிறது.

இந்தக் கல் மயோசீன் காலத்தது. மயோசீன் என்பது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதி. அப்போது இன்றைய குடாநாடு ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலின் அடித்தளம். அதில் வாழ்ந்த உயிர்கள் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டின, இறந்தன, ஓடுகள் படிந்தன, படிந்தவை இறுகிக் கல்லாயின. ஈ. ஜே. வேலண்ட், ஏ. எம். டேவிஸ் என்ற இருவர் இலங்கையின் மயோசீன் பாறைகளைப் பற்றி எழுதிய ஆய்வு 1923இல் லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் காலாண்டிதழில் வெளிவந்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் வயதை நிறுவ அவர்களுக்குத் துணைநின்ற உயிர்ச்சுவடுகளில் ஒன்று, பொரமினிபெரா என்ற ஒருகல உயிரினத்தைச் சேர்ந்தது. அதன் பெயரின் பின்பாதி 'மலபாரிகா'. கேரளத்துக் கொல்லத்துக்கு அருகிலுள்ள சுண்ணக்கல்லிலும் அதே உயிரி கிடைக்கிறது. மலபார்க் கரையின் பெயரைத் தாங்கிய உயிர் யாழ்ப்பாணத்துக் கல்லில் உறங்குகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமையை எழுத்தில் வைத்தபோது, இங்குள்ள தமிழரை 'மலபார்க் குடிகள்' என்றே குறித்தனர். ஆக, மனிதரும் மலபாரிகள், அவர்களின் காலடிக் கல்லும் மலபாரி! பெயர் வைப்பவர் தாம் முதலில் எங்கே கண்டாரோ அந்த இடத்தின் பெயரை வைக்கிறார். பெயரை வைத்துப் பிறப்பிடம் சொல்லத் துணிந்தால் இந்த நிலைதான்.

கல்லில் சிப்பியைக் கண்டு கடலை ஊகித்தது மேனாட்டார் மட்டுமே என்று எண்ண வேண்டியதில்லை. 973இல் பிறந்த அல்பிரூனி, அராபியப் பாலைநிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்று எழுதினார். கிணறுகளும் குளங்களும் தோண்டும்போது வெளிப்படும் மண்படைகளையும், கல்லை உடைக்கையில் உள்ளே கிடைக்கும் சிப்பிகளையும் அவர் சான்றாகக் காட்டினார். அவருடைய காலத்தவரான இப்னு சீனா, மலைகள் எவ்வாறு தோன்றுகின்றன, உயிர்களின் உடல் எவ்வாறு கல்லாகிறது என்று தம் 'கிதாபுஷ் ஷிபா'வில் ஆராய்ந்தார். இன்று நம்மிடையே கல்லின் வயதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிணற்றுக்குள்ளிருந்து வந்த கல்லைக் கண்டு அல்பிரூனியின் ஈமான் தளரவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இணுவிலைச் சுற்றியுள்ள சில கல் தொலைவுக்குள் பழமையின் பெயரால் நடந்த வாதங்கள் பல. வடக்கே கந்தரோடை. சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் கட்டப்பட்ட சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் இடம். போல் ஈ. பீரிஸ் 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு ஆய்வு நடத்தினார். அன்று முதல் அந்தத் தூபிகள் யாருடையவை, சிங்கள பௌத்தருடையவையா, தமிழ் பௌத்தருடையவையா என்ற வழக்கு தீரவில்லை. தென்மேற்கே ஆனைக்கோட்டை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தனர். அறிவுலகுக்கு அவை அரிய செய்திகள். ஆனால் மண்ணிலிருந்து வெளியே வந்த மறுகணமே அவை காணி உறுதிகளாக மாறிவிட்டன. தூபியைக் கட்டியவன் என்ன நினைத்தான், முத்திரையை அணிந்தவன் எப்படி வாழ்ந்தான் என்பவை பின்னுக்குப் போய், "பார், நாங்கள் இருந்தோம்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்ல அவை கட்டாயப்படுத்தப்பட்டன.

நம் சமூகமும் இதற்கு விலக்கல்ல. பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர்களின் இனவியல் பற்றி எழுதி 1888இல் வெளியான கட்டுரையில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார். அரபு மூதாதையர் எப்போது வந்தனர், எங்கிருந்து வந்தனர் என்பது அந்த விவாதத்தின் மையம். சட்டசபையில் தனி இடம் வேண்டுமா என்ற அரசியல் கேள்வி, 'உன் பாட்டன் யார்?' என்ற வம்சக் கேள்வியின் உடையை அணிந்துகொண்டது. இன்றுவரை நமது ஊர் வரலாற்று நூல்களில் பல, முதல் அத்தியாயத்திலேயே வருகையின் நூற்றாண்டை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம் என்று பார்ப்பதைக் காண்கிறோம்.

இந்த முயற்சியை ஏளனம் செய்வது எளிது, நியாயமாகாது. வேரில்லை என்று சொல்லப்பட்டவன் வேரைக் காட்டத்தான் பார்ப்பான். 'வந்தேறி' என்று ஏசப்பட்டவன் தான் வந்த ஆண்டைத் தேடத்தான் செய்வான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? முன்பே இலங்கையில் பிறந்திருந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால், தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும் என்றது. லயன் அறையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளியிடம் பூட்டனின் பிறப்புப் பதிவு எங்கிருக்கும்? இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். தேயிலைச் செடியை நட்டவன் யார் என்று சட்டம் கேட்கவில்லை; எத்தனை தலைமுறை என்று எண்ணியது. பழமையை உரிமையின் அளவுகோலாக்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

இந்த இடத்தில்தான் கல்லின் சாட்சியம் உதவுகிறது. முதலில் வந்தவருக்கே நிலம் என்றால், இணுவிலின் முதற்குடி அந்தப் பொரமினிபெராவும் சிப்பியுமே. அவை நிலத்துக்கு வந்தவையல்ல, நிலமாகவே ஆனவை. அவற்றுக்குப் பின் பல இலட்சம் ஆண்டுகள் கழிந்துதான் மனித இனமே தோன்றியது. சரி, அவையாவது முதலா? அதுவும் இல்லை. சுண்ணக்கல்லுக்குக் கீழே அதைவிட மூத்த பாறைகள் இருக்கின்றன. பாக்குநீரிணைக்கு அப்பால் அரியலூர்ப் பகுதியின் சுண்ணக்கல்லிலும் களிப்பாறையிலும் கிடைக்கும் சுருள்வடிவ அமோனைட்டுகள், டைனசோர் வாழ்ந்த காலத்தவை. யாழ்ப்பாணத்துக் கல் அவற்றின் முன் நேற்றைய பிள்ளை. 'முதல்' என்பது நிலத்தில் எங்கோ கிடக்கும் ஒரு படை அன்று. தோண்டுவதை எங்கே நிறுத்துகிறோமோ அதுவே நமக்கு முதல். ஒவ்வொருவரும் தம் மூதாதையரின் ஓடு கிடைத்த இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறோம். அதற்கு மேலே உள்ளவை 'பின்னால் வந்தவை'. அதற்குக் கீழே உள்ளவை 'வெறும் கல்'.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருப்பதை மறைக்கக் கூடாது. "எல்லாரும் வந்தவர்களே, நிலம் யாருக்கும் சொந்தமில்லை" என்ற பேச்சு ஞானம் போல ஒலிக்கும். அதே பேச்சைத் துப்பாக்கி வைத்திருப்பவன் பேசினால் என்ன ஆகும்? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். சோனகத்தெருவில் நின்று கொண்டு, "2 கோடி ஆண்டுக் கல்லின் மேல் உங்கள் சில நூறு ஆண்டுகள் எம்மட்டு?" என்று ஒருவன் கேட்டிருந்தால், அது தத்துவமா, கொடுமையா? மிகப் பெரிய காலத்தைக் காட்டிச் சிறிய வாழ்வை ஒன்றுமில்லாததாக்குவதும் ஒருவகை வன்முறைதான். எந்த அநீதியையும் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் புள்ளியாகத்தான் தெரியும்.

எனவே கல் எதை மறுக்கிறது, எதை மறுக்கவில்லை என்று பிரித்தறிய வேண்டும். ஒருவருக்கு மற்றவரைவிட மேலான உரிமை பழமையால் வருகிறது என்பதை அது மறுக்கிறது. ஒருவர் வாழும் இடத்தில் வாழும் உரிமையை அது தொடவே இல்லை. அந்த உரிமை காலத்தின் நீளத்தால் வருவதில்லை. சோனகத்தெருவை விட்டுப் போனவர்கள் இழந்தது பத்து நூற்றாண்டையோ ஐந்து நூற்றாண்டையோ அன்று. தையல் இயந்திரம் இருந்த கடை, பிள்ளை படித்த பள்ளிக்கூடம், உம்மாவின் கப்று இருந்த மையவாடி, அண்டை வீட்டுச் சிநேகிதி, வீட்டுக் கிணறு. இவற்றை இழந்தார்கள். ஒருவர் அங்கு பத்தே ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அந்த இழப்பு அநீதியே. அரபுக் கப்பல் எந்த நூற்றாண்டில் கரைதட்டியது என்பதை நிரூபித்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரமாகியிருக்குமா? வெளியேற்றியவன் வரலாற்று நூலைக் கேட்கவில்லை, திறப்பைக் கேட்டான். அந்த நாளை நாம் கண்டிக்க வேண்டிய அடிப்படை, "நாங்களும் பழைய குடிகள்" என்பதாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால், பழைய குடி என்று நிரூபிக்க முடியாத இன்னொருவரை நாளை யாரும் வெளியேற்றலாம் என்பதற்கு நாமே ஒப்புதல் கொடுத்தவர்களாவோம்.

பழமை உரிமை தராது என்றால், ஒருவரை ஓர் இடத்துக்குரியவராக ஆக்குவது எது? இதற்கான பதிலையும் அதே கல்லில் இன்னும் கொஞ்சம் கீழே தேடலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆயினும் மக்கள் இங்கே நெருக்கமாக வாழ்ந்து வருவதற்குக் காரணம் இந்தச் சுண்ணக்கல்லே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அதைக் கரைத்துக் கரைத்துப் பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. அந்த வெற்றிடங்களில் நன்னீர் நிறைகிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அத்தகைய குகையொன்றின் திறந்த வாய். மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்தக் கல்லின் வழியாகத்தான். குடாநாட்டின் அடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லையைப் போல இருக்கிறது. கடல்நீர் சற்றே கனமானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது இத்துறையில் அறியப்பட்ட கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால் எச்சரிக்கை கிடைக்கும்: மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உவர் ஏறும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடம்பே இறைப்புக்கு எல்லை போட்டது. இயந்திரம் வந்த பின் அந்த எல்லை இறைப்பவரின் மனத்துக்கு மாறிவிட்டது.

மேலே பார்த்தால் இணுவில் வேலிகளின் ஊர். கிடுகு வேலி, பனையோலை வேலி, இப்போது மதில். ஒவ்வொரு பரப்புக் காணிக்கும் எல்லை உண்டு. எல்லைக்கு வழக்கும் உண்டு. கீழே பார்த்தால் வேலியே இல்லை. ஒரு கிணற்றின் நீர் மறு கிணற்றின் நீரே. நம் முன்னோர் இதை ஓரளவு அறிந்திருந்தார்கள் போலும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் பரப்போடு கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது வழக்கம். தேசவழமையில், காணியை விற்பவர் முதலில் உரித்தாளிக்கும் பங்காளிக்கும், அதை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முறை இருந்தது. இஸ்லாமியச் சட்டத்தில் 'ஷுப்ஆ' என்று நாம் அறிந்திருப்பதும் இதன் உறவினமே. ஷாபிஈ மத்ஹபில் அது பிரிக்கப்படாத காணியின் பங்காளிக்கு மட்டும், ஹனபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. சொந்தக் காணியை விற்கும் ஒருவரின் சுதந்திரத்தினுள்ளே அயலவரின் நிழல் விழுகிறது என்பதை இரு மரபுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இது முழு உண்மையன்று. அதே யாழ்ப்பாணத்தில்தான் சாதியின் பெயரால் கிணற்றுக் கட்டில் ஏறவிடாமல் ஒரு பகுதி மக்கள் தடுக்கப்பட்டனர். குடத்தை வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வைக்கப்பட்டனர். கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டது. இணுவில் அந்த வழியில்தான் கிடக்கிறது. கல்லுக்குள் ஒன்றாக இருந்த நீர், கிணற்று வாய்க்கு வந்ததும் சாதியாகிவிட்டது. தடுத்தவர்கள் சொன்ன நியாயமும் பழமையே: "இது எங்கள் பரம்பரைக் கிணறு." மதீனாவில் ரூமாக் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, உதுமான் (ரலி) அதை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய வரலாற்றை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அந்தக் கிணறு யார் வெட்டியது, எவ்வளவு பழையது என்பது நமக்கு நினைவில்லை. அது திறந்துவிடப்பட்டது என்பதே நினைவிருக்கிறது.

அண்மைக் காலத்தில் கல் மீண்டும் ஒருமுறை சாட்சி சொன்னது. 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பது பெரும் பிரச்சினையாக எழுந்தது. அங்கிருந்த மின்நிலையத்தில் இயங்கிய தனியார் நிறுவனமொன்றின் மீதான அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஒரு வளவுக்குள் கொட்டியது பல வளவுகளின் கிணற்றில் எழுந்தது. நடுவே இருந்த எந்த மதிலும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தைக் குற்றம் சாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போட்ட உரத்திலிருந்தும், வீடுதோறும் உள்ள மலசலகூடக் குழியிலிருந்தும் வருகிறது. அதை இறக்கியவர்கள் அந்நியர்கள் இல்லை. பரம்பரை உறுதியோடு அங்கேயே வாழ்பவர்கள். பழைய குடியாக இருப்பது நிலத்தைக் காப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1990இல் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். இங்கே கல் நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. குடாநாட்டின் மயோசீன் சுண்ணக்கல் வடமேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கிப் புத்தளம் வரை செல்கிறது. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுக்கும் அருவக்காலுவும் அதே வகைக் கல்தான். ஊரை இழந்து, கையில் ஒரு பையோடு சென்றவர்கள், தம்மை அறியாமலே பழைய கடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போயிருந்தார்கள்.

அங்கு அவர்களை வரவேற்ற மக்கள் செய்ததை மறக்கக் கூடாது. காணி கொடுத்தார்கள், பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள், கிணற்றைத் திறந்துவிட்டார்கள். ஆனால் மாதங்கள் ஆண்டுகளான போது, நீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் நெருக்கடி வந்த போது, அங்கேயும் அந்தப் பழைய கேள்வி முளைத்தது: முதலில் இருந்தவர் யார்? 'அகதி' என்ற சொல் இரக்கத்திலிருந்து நழுவி ஏச்சாக மாறியது. அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே கலிமா, ஒரே மொழி, ஒரே கல். இருந்தும் கேள்வி வந்தது. ஆகவே இது இனத்தின் நோயோ மதத்தின் நோயோ மட்டுமன்று. பங்கு குறையும்போதெல்லாம் மனிதன் தான் வந்த திகதியை எடுத்துக் காட்டுகிறான்.

அதே புத்தளம் இன்னொன்றையும் காட்டியது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின், கொழும்பின் குப்பையை அருவக்காலுவின் கைவிடப்பட்ட கல்லகழ் குழிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வேகம் பெற்றது. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். துளைகள் நிறைந்த கல்லின் மேல் கொட்டுவது எங்கே போய்ச் சேரும் என்பதே அவர்கள் அச்சம். அப்படியொரு அச்சத்தின் முன், முன்னர் வந்தவர், பின்னர் வந்தவர் என்ற கணக்குக்குப் பொருளில்லை. நீர் கெட்டால் இருவர் கிணறும் கெடும்.

உரித்து என்பது எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை தெரிகிறது. ஒரு நிலத்தின் நீரைக் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த நீரைப் பற்றிய கடமை ஒருவருக்குத் தொடங்குகிறது. கடமை தொடங்கிய இடத்தில் உரிமையும் தொடங்கிவிடுகிறது. நேற்று வந்தவருக்கும் அது முழுக் கடமை; ஆயிரம் ஆண்டு இருந்தவருக்கும் அதே கடமை, குறைவில்லை. நாம் 'அமானத்' என்று சொல்வது இதைத்தான். அமானிதப் பொருளை வைத்திருப்பவரிடம் "எப்போது வாங்கினாய்?" என்பது இரண்டாம் கேள்வி, "எப்படி வைத்திருக்கிறாய்?" என்பதே முதற்கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். "கடமையைச் செய்யாதவனுக்கு உரிமை இல்லை என்கிறீர்களா? அப்படியானால் நாளை ஒருவன் வந்து, நீ உன் கிணற்றைக் கெடுத்தாய், எழுந்து போ என்பானே?" இது நியாயமான அச்சம். வாழும் இடத்திலிருந்து ஒருவரை அகற்ற எந்தக் காரணமும் போதாது. கடமை தவறியவரைத் திருத்தலாம், தண்டம் விதிக்கலாம், துரத்த முடியாது. நான் சொல்வது உரிமைகளை ஒப்பிடும் அளவுகோலைப் பற்றி மட்டுமே. யாருக்கு அதிகம் என்று கேட்டே ஆகவேண்டுமென்றால், அதிகமாக இருக்கக்கூடியது பொறுப்பு ஒன்றுதான். நீண்டகாலம் இருந்தவருக்கு நீண்ட பொறுப்பு. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிப் போரினால் 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்கள், வெட்டியெடுத்த கல்லைக் கொண்டு நாடெங்கும் வீடுகள் எழுந்தன என்பதற்கு ஒரு சாட்சி. எடுத்ததைத் திருப்பிவைக்க முடியாது என்பதற்கும் சாட்சி. அந்தக் கல்லைத் திரும்ப உண்டாக்க ஒரு கடலும் பல இலட்சம் ஆண்டுகளும் வேண்டும்.

2009இல் போர் முடிந்த பின் சோனகத்தெருவுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு, இடிந்த சுவர்களுக்கு நடுவே கிணற்றைத் தூர்வாருவதும் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கிணற்றில் ஊறுவதும் இணுவில் தோட்டக்காரர் இறைப்பதும் ஒரே மழை, ஒரே கல். அவர் இடும் உரம் குறைந்தால் அந்தக் கல்லில் குடிக்கும் எல்லாருக்கும் அது நன்மை. இவர் குழியைச் சரியாகக் கட்டினால் இவருடைய அயலவருக்கு நன்மை. இவ்வளவு சிறிய, இவ்வளவு சலிப்பான வேலைகளில்தான் ஒருவர் ஓர் ஊருக்குரியவராகிறார். அவற்றைச் செய்பவரிடம் அவருடைய பூட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்பதற்கு, காலடியில் கிடக்கும் அந்த மூத்த கல்லை வைத்துக்கொண்டு, நம்மில் யாருக்கும் தகுதி இல்லை.